விசில் கையில் இருக்கட்டும்

(பதில் சொல்பவர்: இருபது வருடம் மாவட்டக் கால்பந்து ஆட்டங்களில் ரெஃப்ரியாக ஓடி, முட்டி தேய்ந்து உட்கார்ந்திருப்பவர்)

கேள்வி: லட்சம் பேர் கத்தும்போது ரெஃப்ரிக்குப் பயம் வராதா? அந்தப் பயத்தில்தானே தப்பாக விசில் ஊதுகிறார்கள்?
- கல்லூரி மாணவர், தூத்தூர்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கமும் ஊதியிருக்கிறேன் தம்பி. பயமே கிடையாது என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. ஆனால் பயத்தை எப்படியாவது அடக்கிக்கொள்ளலாம். சரியாகப் பார்க்காத ஒன்றுக்கு முடிவு சொல்ல வேண்டி வரும் பாருங்கள், அப்போதுதான் கூட்டம் நமக்குள் நுழையும்.

கடலோர ஊர் ஒன்றில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஃபைனல். டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். 'டப்' என்று பந்து எதிலோ பட்டது. ஊரே "ஹேண்டு!" என்றது. ஊதிவிட்டேன், பெனால்டி. ஆட்டம் முடிந்த பிறகு கோல் அடித்த பையனே வந்து, "அண்ணே, அது தோள்லதான் பட்டுச்சு" என்றான். கோப்பையைத் திருப்பித் தரச் சொல்லவா முடியும்? அன்று எனக்குப் பயம் துளியும் இல்லை. கையில் பட்டதைக் காதால் 'பார்த்து'விட்டேன், அவ்வளவுதான்.

இதை ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்து கிளப்களான லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டம் ஒன்றிலிருந்து 47 மோதல்களை எடுத்து, 40 ரெஃப்ரிகளுக்கு வீடியோவில் போட்டுக் காட்டினார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமில்லாமல். 2002இல் வெளிவந்த முடிவு: சத்தம் கேட்டவர்கள் சொந்த மைதான அணியான லிவர்பூலுக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் சுமார் 15 சதவீதம் குறைவு. அறைக்குள் உட்கார்ந்திருப்பவரை யார் அடிக்கப்போகிறார்கள்? இன்னொன்றும் கவனியுங்கள். வந்த அணி மீது அவர்கள் கூடுதலாக ஊதவில்லை. ஊத வேண்டிய இடத்தில் விசில் அடங்கிப்போனது. கேலரியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் 1986 ஜூன் 22, மெக்சிகோவின் அஸ்டெகா மைதானம். உலகக் கோப்பையில் அர்ஜென்டினா - இங்கிலாந்து காலிறுதி. மரடோனா கையால் தட்டிய கோல். துனீசிய ரெஃப்ரி அலி பென்னாசர் சந்தேகத்தோடு லைன்ஸ்மேன் போக்டன் டோச்சேவைத் திரும்பிப் பார்த்தார். கொடி எழவில்லை. உன்னைவிட நல்ல கோணத்தில் நிற்பவர் சொல்வதை மதி என்பதுதான் தங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்றார் பென்னாசர். ரெஃப்ரியோடு கலந்து பேச அன்றைக்கு எங்களுக்கு அனுமதி இல்லை என்றார் டோச்சேவ். இவர் அவரைப் பார்க்க, அவர் இவரைப் பார்க்க, கோல்!

எல்லோரும் கதையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நாலே நிமிடத்தில் மரடோனா தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இங்கிலாந்துக்காரர்கள் வழிநெடுக இடறப் பார்த்தார்கள். பின்னாலேயே ஓடிய பென்னாசர், "அட்வான்டேஜ்" (ஃபவுல் பட்ட அணிக்கு லாபம் இருந்தால் ஊதாமல் ஆடவிடுவது) என்று சொல்லிக்கொண்டே விசிலை அடக்கினார். ஒரு தடவை ஊதியிருந்தால் உலகம் கொண்டாடும் அந்தக் கோல் இல்லை. அதற்காக அந்த மனுஷனுக்கு யாராவது மாலை போட்டார்களா?

சின்ன வித்தை ஒன்று. மூத்த ரெஃப்ரி ஒருவர் எனக்குச் சொன்னது: விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடாதே, கையில் பிடி. கை வாய்க்கு வருவதற்குள், பார்த்ததை மனம் இன்னொரு முறை பார்த்துவிடும். அந்த செவன்ஸ் ஃபைனலில் விசில் என் வாயில்தான் இருந்தது.

கேள்வி: வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து ரெஃப்ரியின் முடிவைச் சரிபார்க்கும் முறை) வந்த பிறகு இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்ததா?
- இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: இடம் மாறியிருக்கிறது அம்மா. 2018 உலகக் கோப்பையின் மாஸ்கோ ஃபைனலில் பிரான்ஸும் குரோஷியாவும் 1-1. குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது. ரெஃப்ரி நெஸ்டர் பிடானா திரைக்குப் போனார், பார்த்தார், கிளம்பினார், மறுபடி திரும்பி வந்து பார்த்தார். பிறகு பெனால்டி. அந்த ரெண்டாவது பார்வையில்தான் முழு பிரஷரும் இருக்கிறது. ஸ்லோமோஷனில் ஓட்டினால் எல்லாக் கையும் வேண்டுமென்றே நீட்டிய கை மாதிரித்தான் தெரியும். அதனால்தான் பந்து எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் ஸ்லோமோஷன், குற்றமா இல்லையா என்பதற்குச் சாதாரண வேகம் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெனால்டியை, சாதாரண வேகத்தில் எத்தனை தடவை பார்த்தும், என் மனசு இன்னும் ஒப்பவில்லை.