வரிசை போனது, வாக்கு ஏன் மாறியது? இலங்கை ஜனாதிபதித் தேர்தல் 2024: கேள்வி பதில்

தேசிய மக்கள் சக்தியின் அநுரகுமார திசாநாயக்க வென்ற, 2024 செப்டம்பர் 21 தேர்தலைப் பொருளாதாரக் கண்ணோட்டத்தில் விளக்கச் சொல்லி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வவுனியாவிலிருந்து: 2022 நெருக்கடியின் பெற்றோல் வரிசையையும் காஸ் வரிசையையும் இல்லாமல் செய்தவர் அப்போதைய ஜனாதிபதி ரணில்தானே அண்ணா? பிறகு ஏன் அவருக்கு 17 வீத வாக்கு மட்டும்?

பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்துவிடாது தம்பி. ஏறுகிற வேகம்தான் குறையும். 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். 2024 ஆகஸ்டில் அது 0.5 வீதம். பொருளியலாளருக்கு இது பெரிய வெற்றி, நானும் மறுக்கவில்லை. ஆனால் ஏறிய விலைகளில் பெரும்பாலானவை பழைய இடத்துக்கு இறங்கவில்லை, சம்பளமும் அந்த அளவுக்கு உயரவில்லை. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம் கூடியது. வற் (பெறுமதி சேர்) வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைத்தவர்களிடம் வருமான வரியும் பிடித்தார்கள். உலக வங்கியின் கணிப்பில் அப்போது நாட்டில் நாலில் ஒருவர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தார். ரணிலின் தேர்தல் சின்னமே காஸ் சிலிண்டர். வரிசை போனதை நினைவூட்டத்தான் அது, ஆனால் சிலிண்டரைப் பார்த்ததும் அதன் விலையும் சேர்ந்தல்லவா நினைவுக்கு வரும்?

மாத்தறையிலிருந்து: 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச வென்றதும் பொருளாதாரத்தாலா?

முதன்மையாக இல்லை. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிந்திய பாதுகாப்புப் பயம்தான் பெரிது. வென்றபின் வற் வரியை 15 இலிருந்து 8 வீதமாக்கிய சலுகை மக்களுக்குப் பிடித்திருந்தது. அரச வருமானம் சரிந்த வலி பிறகுதான் தெரிந்தது.

கண்டியிலிருந்து: அநுர 2019 இன் 3 வீதத்திலிருந்து 42 வீதத்துக்குப் போனது சர்வதேச நாணய நிதியத்தை எதிர்த்ததாலா?

அப்படி நான் நினைக்கவில்லை. நிதியத்தின் 2.9 பில்லியன் டொலர் கடன் திட்டத்தைத் தூக்கி எறிவதாக முன்னணி வேட்பாளர் எவரும் சொல்லவில்லை. அநுரவும் நிபந்தனைகளைத் திரும்பப் பேசுவோம் என்றுதான் சொன்னார். கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு யார் பொறுப்பு என்பதே வாக்கைத் தீர்மானித்தது. ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் நெருக்கடிக்குப் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத்து வேட்பாளர் நாமல் ராஜபக்சவுக்கு 3 வீதம்கூடக் கிடைக்கவில்லை. ரணிலை 2022 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவுசெய்ததும் பெரும்பாலும் ராஜபக்சக்களது கட்சியின் வாக்குகள்தான். அந்தப் பழி அவர்மேலும் படிந்தது. ஆண்ட பழிக்கு அப்பால் நின்றவர் அநுர. அதனால் ஊழல் பற்றிய அவரது பேச்சு மக்களுக்குத் தங்கள் வீட்டுச் செலவுக் கணக்காகவே கேட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்களுக்கும் விலை ஏறியதே. நாங்கள் ஏன் வேறு மாதிரி வாக்களித்தோம்?

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்த வடக்குக்கு 2022 முதல் தட்டுப்பாடு அல்ல. அந்தத் துயரைத் தெற்கு அப்போது உணரவில்லை என்ற மனக்குறை நியாயமானது. விலைவாசியோடு காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அதிகாரப் பகிர்வு எல்லாம் அங்கே வாக்கில் இருந்தன. வடக்கு கிழக்கு முழுவதும் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச முதலிடம். தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு இரண்டே கால் லட்சம் வாக்குகள். ஆனால் நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் அநுரவின் தேசிய மக்கள் சக்தி பெற்றது. ஆகவே அந்த வாக்கு என்றைக்கும் அசையாதது என்று எண்ண வேண்டாம்.

ஹட்டனிலிருந்து: தோட்டத் தொழிலாளருக்கான 1,700 ரூபா நாட்சம்பள அறிவிப்பு வேலை செய்யவில்லையா ஐயா?

2024 மே தினத்தில் கொட்டகலையில் ரணில் அறிவித்தார், தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. தேர்தல் நெருங்கும்போது அடிப்படை 1,350, அதற்கு மேல் கொழுந்தின் அளவைப் பொறுத்து 350 என்று பேச்சு மாறியது. கைக்கு வராத சம்பளத்தை நம்பி வாக்களிக்கச் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. நுவரெலியா மாவட்டத்தில் மலையகக் கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலை ஆதரித்தும், முதலிடம் சஜித்துக்குத்தான் போனது.