வண்ணக் கூடைப்பந்துகள்: கேட்டவர்களுக்கு ஒரு உடற்கல்வி ஆசிரியரின் பதில்கள்

சின்ன வகுப்புகளுக்குப் பல வருடமாக உடற்கல்வி எடுக்கிறேன். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பல நிறக் கூடைப்பந்துகளை வைத்து ஓட்டம், நிற்றல், தட்டுதல், பிடித்தல் எல்லாம் சொல்லித் தருவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், வழக்கமான ஆரஞ்சுப் பந்தே போதாதா? நிறம் மாறினால் என்ன ஆகிவிடப் போகிறது?

நிறம் மாறினால் மட்டும் ஒன்றும் ஆகாது. அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். ஆரஞ்சு நிறமே ஒரு வேலைக்காக வந்ததுதான். முன்பு பந்து பழுப்பாகத்தான் இருந்தது, ஆடுபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று 1950களின் பிற்பகுதியில் டோனி ஹிங்கிள் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் முன்கையெடுக்க, ஆரஞ்சுக்கு மாற்றினார்கள்.

பந்து தட்டப் பழகும் குழந்தை பந்தையேதான் பார்க்கும். "தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு" என்று தொண்டை வற்றக் கத்தினாலும் ஒரு நொடி தூக்கிவிட்டு மறுபடி குனிந்துவிடும். நான் கத்துவதை விட்டுவிட்டேன். என் காலடியில் மூன்று நிறப் பந்துகள் இருக்கும், வாயே திறக்காமல் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவேன். சிவப்பு என்றால் நின்ற இடத்திலேயே தட்ட வேண்டும், நீலம் என்றால் கையை மாற்ற வேண்டும், மஞ்சள் என்றால் தட்டிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். விசில் கிடையாது. நிமிர்ந்து பார்த்தால்தான் அடுத்து என்ன என்று தெரியும், அதனால் தானாகவே நிமிர்கிறார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உள்ளங்கையால் பட் பட்டென்று பந்தை அறைந்துகொண்டிருந்தாள், கண் பந்தை விட்டு நகரவே இல்லை. நிறத்தைத் தேடி நிமிர ஆரம்பித்தபின் பந்து எங்கே இருக்கிறது என்பதைக் கையால்தான் உணர வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் விரல்கள் விரிந்தன, முட்டி லேசாக மடங்கியது, அந்த 'பட்' சத்தம் 'தும் தும்' என்று மெத்தென்று மாறியது. விரலால் தட்டுகிறார்களா உள்ளங்கையால் அறைகிறார்களா என்பதை இப்போதும் காதால்தான் முதலில் கண்டுபிடிக்கிறேன்.

கேள்வி: ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு எந்த அளவுப் பந்து?

3ஆம் எண் அல்லது 5ஆம் எண் பந்து. வயது வந்த ஆண்கள் ஆடும் 7ஆம் எண் பந்து சுமார் 600 கிராம் எடை, அதை ஏழு வயதுக் கையில் கொடுத்தால் தோளும் மணிக்கட்டும் தப்பான பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும். வளையத்தின் உயரமும் அப்படித்தான், பெரியவர்களுக்கு 3.05 மீட்டர், சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் 2.60. இன்னும் இறக்கிக் கட்ட முடிந்தால் தாராளமாக இறக்குங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு பையனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அவனை என்ன செய்வது?

நல்ல வேளை கேட்டீர்கள். சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், பையன்களில் ரொம்பவே அதிகம். பல பிள்ளைகளுக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் செய்துவிடுவார்கள், நாமும் "கவனமே இல்லை" என்று திட்டிவிடுவோம். அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன், இன்றும் மனசு உறுத்துகிறது. சிவப்பையும் பச்சையையும் ஒரே விளையாட்டில் வைக்காதீர்கள். நீலமும் மஞ்சளும் பெரும்பாலும் எல்லோருக்கும் பிரிந்து தெரியும். கூடவே பந்தில் தடிமனான பேனாவால் வட்டம், பெருக்கல் குறி என்று பெரிதாகப் போட்டுவிடுங்கள். அவனுக்காக என்று சொல்ல வேண்டாம், எல்லாப் பந்திலும் போடுங்கள்.

கேள்வி: 40 பேர், 8 பந்து. வரிசையில் நிற்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது, மேடம் ஒருவர் உங்களிடம் கேட்கச் சொன்னார்.

வரிசையை ஒழித்துவிடுங்கள். பந்துக்கு ஐந்து பேர். ஒருவர் தட்டிக்கொண்டு போக, மற்ற நால்வரும் பின்னாலேயே வெறுங்கையால் காற்றைத் தட்டிக்கொண்டு அதே காலடியில் போக வேண்டும். நீங்கள் தூக்கும் நிறம் எந்தக் குழுவின் பந்தோ, அந்தக் குழு ஆளை மாற்றிக்கொள்ளும். அப்புறம் நடையை மாற்றுங்கள்: நொண்டி, பக்கவாட்டு ஓட்டம், குதிரை ஓட்டம். கையில் பந்து இல்லாதவனுக்கும் கால் வேலை செய்துகொண்டே இருக்கும்.

கேள்வி: திறமைக்கு ஏற்ற மாதிரி நிறம் கொடுக்கலாமா? தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு மஞ்சள், தேறியவர்களுக்குச் சிவப்பு என்று?

தயவுசெய்து வேண்டாம். இரண்டே நாளில் "மஞ்சள்னா மக்கு" என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிடுவார்கள், அதற்கப்புறம் அந்தப் பிள்ளை பந்தையே தொடாது. நிறம் செயலுக்கு மட்டும்தான், ஆளுக்கு இல்லை.

கேள்வி: அண்ணா, என் மகள் பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

பயம் அது, வலிக்கும் என்ற பயம். முதலில் பஞ்சு மாதிரி மெத்தென்ற பந்துக்குப் போங்கள். நேராக எறியாமல் தரையில் ஒருமுறை எகிறி வரும்படி போடுங்கள், இருவருக்கும் நடுவில் உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டி, அவள் பக்கமாக விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் இரண்டு நிறப் பந்துகளை மறைத்து வைத்துக்கொண்டு ஒன்றைப் போடுங்கள், அது தரையைத் தொடும் முன் என்ன நிறம் என்று அவள் சொல்ல வேண்டும். நிறத்தைச் சொல்ல வேண்டுமானால் கண்ணைத் திறந்தே ஆக வேண்டும் இல்லையா? பிடிக்கிறாளா என்பதை முதல் வாரம் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பந்தின் நிறம் பின்னால் இருக்கும் சுவரோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளுத்த சுவருக்கு முன் மஞ்சள் பந்து வந்தால் பெரியவர்களுக்கே தடுமாறும்.

கேள்வி: இரண்டு நிறம் கலந்த பந்தால் பயன் உண்டா?

உண்டு, கூடையில் எறியப் பழகும்போது. ஒரே நிறப் பந்து சுழல்கிறதா என்று தெரியாது, இரண்டு நிறம் என்றால் பட்டைகள் பின்னோக்கி உருள்வது கண்ணுக்கே தெரியும். பட்டை கோணலாகச் சுற்றினால் விரல் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: எங்கள் பந்துகள் சரியாக எகிறவே மாட்டேன் என்கின்றன.

காற்றைப் பாருங்கள். தோள் உயரத்திலிருந்து விட்டால் இடுப்பு வரைக்காவது வர வேண்டும். வால்வு பக்கத்திலேயே எவ்வளவு அழுத்தம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.