ஒரே டிஷ்ஷில் பல எல்என்பி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டிஷ் செட்டிங் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், ஒரே டிஷ்ஷில் இரண்டு மூன்று எல்என்பி பொருத்துவது பற்றி என்றால் விரிவாகவே சொல்கிறேன். எல்என்பி என்பது டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் கருவி. 83, 93.5 என்று டிகிரியில் சொல்வது சாட்டிலைட் நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகை. சி பேண்ட் பெரிய டிஷ்ஷுக்கான அலைவரிசை, கேயு பேண்ட் சின்ன டிடிஎச் டிஷ்ஷுக்கானது. ரீசார்ஜ், பேக், ஆஃபர் விவரங்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிடுங்கள்.

மதுரை: அண்ணா, 6 அடி டிஷ் இருக்கு. 83 டிகிரியும் 93.5 டிகிரியும் சேர்த்து வைக்கணும். ரெண்டும் சி பேண்ட். எல்என்பி ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி?

முதலில் உங்கள் டிஷ்ஷின் குவியத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். விளிம்புக்கு விளிம்பு ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து நடுக்குழி வரை ஆழத்தை அளங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். விட்டம் 180 செ.மீ., ஆழம் 30 செ.மீ. என்றால் 32,400-ஐ 480-ஆல் வகுத்து 67.5 செ.மீ. வரும். எல்என்பியின் வாய் அந்தத் தூரத்தில் நிற்க வேண்டும்.

இந்த அளவு டிஷ்ஷில் சாட்டிலைட்டுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 1.4 செ.மீ. நகர்த்த வேண்டும். 83-இல் இருப்பது ஜிசாட் 30, 93.5-இல் சி பேண்டுக்கு ஜிசாட் 17. இடையே 10.5 டிகிரி, தரையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 12, ஆகவே 15 செ.மீ.யில் ஆரம்பித்து 17 வரை தேடுங்கள். கணக்கு அங்கே கொண்டு போய் நிறுத்தும், கடைசி ஒரு செ.மீ.யை மீட்டரைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டில் ஒன்றை நேர் நடுவில் வைத்து மற்றதை முழுக்க ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். டிஷ்ஷை இரண்டுக்கும் மத்தியில் திருப்பி, இரண்டு எல்என்பியையும் நடுவிலிருந்து சம தூரத்தில் வையுங்கள். 12 டிகிரி விலகிய ஓரத்தில் 6 அடி டிஷ் நிறைய சிக்னலை இழக்கும். ஆளுக்கு 6 டிகிரி என்றால் தாங்கும். ஓர எல்என்பியின் வாய் டிஷ்ஷின் நடுவைப் பார்த்தபடி இருக்கட்டும்.

எல்என்பியைத் தொடும் முன் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது, கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கலாம். எஃப் கனெக்டரின் நடுக்கம்பி ஓரத்தில் உரசினாலே சுவிட்சோ ரிசீவரோ போய்விடும்.

தஞ்சாவூர்: டைசெக் சுவிட்ச் வாங்கணுமா, 22 கிலோஹெர்ட்ஸ் சுவிட்ச் போதுமா?

பல எல்என்பியில் எதை எடுப்பது என்று ரிசீவர் சொல்ல, அதன்படி மாறும் சுவிட்சுகள் இவை. 22 கிலோஹெர்ட்ஸ் சுவிட்ச் ரிசீவர் அனுப்பும் ஒரு டோனை வைத்து மாறும். எல்என்பி இரண்டுமே சி பேண்ட் என்றால் 22 கிலோஹெர்ட்ஸ் சுவிட்ச் போதும். சி பேண்ட் எல்என்பியின் எல்ஓ (உள்ளே உருவாகும் அலைவெண், மெகாஹெர்ட்ஸில்) 5150 ஒன்றுதான், டோன் அதற்குத் தேவையில்லை. ஆனால் கேயு பேண்ட் யுனிவர்சல் எல்என்பிக்கு 9750, 10600 என இரண்டு எல்ஓ உண்டு. எதை எடுப்பது என்பதை அதே 22 கிலோஹெர்ட்ஸ் டோன்தான் சொல்கிறது. அந்த டோனை சுவிட்சுக்கும் கொடுத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பின்னால் கேயு சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே நான்கு போர்ட் டைசெக் 1.0 வாங்கிவிடுங்கள். எந்தப் போர்ட்டில் எந்த சாட்டிலைட் என்று சுவிட்சின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஈரோடு: ஒரு எல்என்பியிலிருந்து ஸ்பிளிட்டர் போட்டு ரெண்டு டிவி?

வேண்டாம். எந்தப் பாதிச் சேனல் வேண்டும் என்பதை எல்என்பிக்கு வோல்ட்தான் சொல்கிறது. ஒரு பாக்ஸ் 13 வோல்ட் கேட்கும், இன்னொன்று 18 கேட்கும், ஒருவருக்குப் பாதிச் சேனல் வராது. ட்வின் எல்என்பி வாங்குங்கள்.

கோயம்புத்தூர்: சார், டெல்லியில என் சகலை வீட்டுல 83-யும் 93.5-யும் ஒரே பட்டையில போட்டிருக்காங்க, பட்டை கிட்டத்தட்ட மட்டமாத்தான் இருக்கு, ரெண்டும் வருது. அதே மாதிரி இங்க போட்டேன், 93.5 மட்டும்தான் வருது. எல்என்பி கெட்டுப் போச்சா?

எல்என்பி நன்றாக இருக்கிறது. எல்என்பிகளைத் தாங்கும் பட்டையைச் சாய்க்க வேண்டும். வடநாட்டு வீடியோவைப் பார்த்துப் பொருத்தும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சாட்டிலைட்டுகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கின்றன. டெல்லியிலிருந்து பார்த்தால் அந்த வரிசை தெற்கே தாழ்வாக, மெல்லிய வளைவாகத் தெரியும். நாம் ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நமக்கு அது கிழக்கே அடிவானத்தில் எழுந்து, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே ஏறி, மேற்கே இறங்குகிறது. கோவையில் 83-இன் ஏற்றக் கோணம் சுமார் 75 டிகிரி, 93.5-க்கு 67 தான். எட்டரை டிகிரி வித்தியாசம். டெல்லியில் அது 4 டிகிரிக்குள். 6 அடி டிஷ்ஷில் ஒரு எல்என்பிக்கும் மற்றதற்கும் 10 முதல் 12 செ.மீ. ஏற்ற இறக்கம் வேண்டும். டெல்லியில் அதில் பாதிகூட வேண்டாம், ஹோல்டரைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலே சமாளித்துவிடலாம்.

எந்தப் பக்கம் சாய்ப்பது? டிஷ்ஷின் பின்னால், அது பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். பிம்பம் தலைகீழாக விழும். வானத்தில் 93.5 இடது பக்கம் கீழே, ஆகவே அதன் எல்என்பி வலது பக்கம், டிஷ்ஷின் தலைப்பக்கமாக. 83 வானத்தில் வலது பக்கம் மேலே, ஆகவே அதன் எல்என்பி இடது பக்கம், கால்பக்கமாக.

மறுபடி கோயம்புத்தூர்: எல்என்பியைத் திருகினா சரியாகிடும்னு டெக்னீஷியன் சொல்றாரே? பட்டையை ஏன் சாய்க்கணும்? 93.5-க்கு அவர் திருகித்தான் குவாலிட்டி ஏத்தினார்.

அவர் செய்தது சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தவறு. திருகுவது போலரைசேஷனுக்கு. சிக்னல் எந்தச் சாய்வில் வருகிறதோ அந்தச் சாய்வில் எல்என்பியின் உள்ளிருக்கும் ஊசியை நிறுத்துகிறது. ஆனால் 83-இன் சிக்னல் டிஷ்ஷில் பட்டு வேறோர் இடத்தில் குவிகிறது. எல்என்பி அந்த இடத்திலேயே இல்லையென்றால் எவ்வளவு திருகினாலும் உள்ளே போவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டு வேலைக்கும் காரணம் ஒன்றுதான் என்பதால் ஒரு வசதி உண்டு. பட்டையைச் சரியான கோணத்தில் சாய்த்து, அதற்குச் செங்குத்தாக எல்என்பிகளைப் பொருத்தினால் திருகும் வேலை முக்கால்வாசி தானாகவே முடிந்துவிடும். மிச்சம் சின்ன நகர்த்தல்.

சென்னை: நான் 30 டிகிரி மாதிரிதான் சாய்ச்சிருக்கேன், ரெண்டும் நல்லா வருது. கோவை நண்பரை ஏன் பயமுறுத்துறீங்க?

நாகர்கோவில்: 30 எல்லாம் இங்க பத்தாது. நான் பாதிக்கு மேல சாய்ச்ச பிறகுதான் 83 வந்துச்சு. சென்னைக்காரர் சொல்றத நம்பாதீங்க.

இரண்டு பேர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி. 83, 93.5 ஜோடிக்குப் பட்டையின் சாய்வு சென்னையில் சுமார் 29 டிகிரி, கோவையிலும் மதுரையிலும் 43, நாகர்கோவிலில் 50. தெற்கே போகப் போகவும் மேற்கே போகப் போகவும் சாய்வு கூடும். டிகிரி எண்ணை ஊர் பெயரில்லாமல் யாருக்கும் சொல்லாதீர்கள், எத்தனையோ பேர் நல்ல எல்என்பியைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம்: வணக்கம் அண்ணை. எங்கட பக்கத்துக்கும் இதே கணக்குத்தானோ?

இதே கணக்குதான். உங்களுக்குச் சுமார் 37 டிகிரி. நீங்கள் மதுரையை விடத் தெற்கே இருந்தாலும் கிழக்கே தள்ளி இருப்பதால் சாய்வு குறைகிறது.

கோயம்புத்தூர்: சரி சார், 66 டிகிரியையும் இதே பட்டையில சேர்த்துடலாமா?

கூடாது. 66-இல் உள்ள இன்டெல்சாட் 17 உங்களுக்குத் தென்மேற்கே. அந்தப் பக்கம் வரிசை எதிர்த்திசையில் சாய்கிறது, நேர்ப்பட்டையில் மூன்றும் உட்காராது. வளைத்துப் பொருத்தினாலும் 66-லிருந்து 93.5 வரை உள்ள அகலத்தை 6 அடி டிஷ் தாங்காது. 66-க்குத் தனி டிஷ் வையுங்கள். அதில் வேண்டுமானால் 68.5-ஐச் சேர்க்கலாம், ஆனால் நெருக்கம் அதிகம், இரண்டு எல்என்பியின் வளையமும் இடிக்கும். நடுவில் ஒன்றை வைத்து இரண்டும் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

சேலம்: சிசிகேம் லைன் போட்டா எல்லா பே சேனலும் வருமாமே?

திருட்டு. பதில் சொல்ல மாட்டேன்.

திண்டுக்கல்: 93.5 எல்என்பி எந்தப் பக்கம் வரும்?

கோவை நண்பருக்குச் சொல்லியிருக்கிறேன், வலது, தலைப்பக்கம்.

விழுப்புரம்: பழைய சன் டைரக்ட் டிஷ் சும்மா கிடக்கு. ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஆகுமா?

93.5-ஐப் பார்த்து வைத்த டிஷ்ஷாக இருந்தால் திருப்பக்கூட வேண்டாம். டிடி ஃப்ரீ டிஷ் வருவதும் அங்கே உள்ள ஜிசாட் 15 வழியாகத்தான். பாக்ஸை மாற்றித் தேடுங்கள். மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

கரூர்: 6 அடி சி பேண்ட் டிஷ்லயே ஃப்ரீ டிஷ் எல்என்பியும் மாட்டலாமா?

கம்பிவலை டிஷ் என்றால் வேண்டாம், அந்தக் கண்கள் கேயு அலைக்குப் பெரிது. தகரமோ அலுமினியமோ என்றால் முடியும், ஆனால் அந்த அளவில் கேயு கதிரின் அகலம் 1 டிகிரிதான், காற்றில் கொஞ்சம் அசைந்தாலும் படம் உடையும். 2 அடி டிஷ் ஒன்றைத் தனியாக வைத்து டைசெக்கில் சேருங்கள். நான் யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

திருச்சி: பட்டையை எத்தனை டிகிரி சாய்க்கணும்?

எந்த இரண்டு சாட்டிலைட்? அதைச் சொல்லாமல் பதில் இல்லை. 83, 93.5 என்றால் 40-இல் ஆரம்பியுங்கள்.

நாகப்பட்டினம்: ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சிக்னல் போயிடுது. கனெக்டர் பச்சை பிடிச்சிருக்கு.

உப்புக்காற்று. இன்சுலேஷன் டேப் வெயிலில் பிரிந்துவிடும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வாங்கி இழுத்துச் சுற்றுங்கள். கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், நீர் அங்கே சொட்டிவிடும். டைசெக் சுவிட்சை வாய் கீழே பார்த்தபடி, டிஷ்ஷின் முதுகு நிழலில் கட்டுங்கள். எர்த் கம்பியையும் பாருங்கள், கடற்கரையில் அதுதான் முதலில் அரிக்கும். மின்கம்பி மாடியை ஒட்டிப் போகும் வீடுகளில் 6 அடி டிஷ்ஷைத் தனியாளாகத் தூக்கவே கூடாது, இடி மின்னல் நேரத்தில் மாடிக்கே போகாதீர்கள்.

தேனி: மழை பெஞ்சா டிஷ்ல தண்ணி தேங்குது, சிக்னலும் இறங்குது.

தகர டிஷ்தானே? நம் ஊரில் டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துக் கிடப்பதால் அடிக்குழியில் நீர் நிற்கும். நீர் நிற்கும் இடத்தைப் பார்த்து 5 மி.மீ. துளைகள் இரண்டு மூன்று போடுங்கள், சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. துளையின் ஓரத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.