தொளதொளக்கும் ஸ்டியரிங்: பழைய புல்வெட்டி வண்டி பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே நோயைப் பற்றியவை. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி, வாங்கிப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. என்ஜின் இன்னும் சாவியைத் திருப்பினதும் கிளம்புகிறது, பிளேடும் சரியாக வெட்டுகிறது, ஸ்டியரிங் மட்டும் கைக்கு அடங்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு ஒரு வரியிலும் பதில் சொல்கிறேன்.

ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பின பிறகுதான் முன் சக்கரம் அசையவே ஆரம்பிக்கிறது. கியர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கியரை வாங்கினேன். அரை நாள் உழைத்து மாட்டிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தால், ஆட்டம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. உண்மையான குற்றவாளி, ஸ்டியரிங் தண்டின் அடியில் இருந்த கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் புஷ், அதாவது தண்டு ஆடாமல் சுழல அதைச் சுற்றிப் போடும் வளையம்.

உங்கள் கையிலிருந்து டயர் வரை என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டியரிங் சக்கரம், அதன் தண்டு, தண்டை மேலும் கீழும் தாங்கும் புஷ்கள், தண்டின் நுனியில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், அதோடு கடித்து நிற்கும் விசிறி வடிவத் தகடான செக்டர் கியர், அதிலிருந்து கிளம்பும் இழுகம்பி, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு, சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில், கடைசியாகச் சக்கரத்துக்குள் இருக்கும் புஷ். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், எல்லாம் கூட்டு வட்டியாகச் சேர்ந்து உங்கள் கையில் வந்து நிற்கும். அதிலும் பினியன் சின்னது, செக்டர் பெரியது. அதனால் செக்டருக்குக் கீழே உள்ள சிறு தேய்மானம்கூட மேலே ஸ்டியரிங்கில் பல மடங்காகத் தெரியும்.

எங்கே தேய்மானம் என்று கண்டுபிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். பாரம் இருந்தால்தான் ஆட்டம் நிஜமாகத் தெரியும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக, அந்த வெறும் ஆட்ட அளவுக்குள் மட்டும் அசைக்க வேண்டும். மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மூட்டின் மேல் ஒரு விரலை வைத்தால் கண்ணுக்குத் தப்புவதும் விரலுக்குத் தெரியும். பல் கடிக்கும் இடத்தில் மட்டும் விரலை வைக்காதீர்கள்.

ஸ்டியரிங் திரும்பி, தண்டு திரும்பவில்லையா? இரண்டையும் பிணைக்கும் பின் அல்லது போல்ட் தேய்ந்திருக்கிறது. தண்டு சுழலும்போது பக்கவாட்டில் நகர்கிறதா? புஷ். பினியன் திரும்பி, செக்டர் சும்மா நிற்கிறதா? பல் கடிமானம். செக்டர் ஒரு பக்கமாகச் சாய்கிறதா? அது சுழலும் போல்ட்டோ அதன் புஷ்ஷோ. செக்டர் அசைந்து கம்பி அசையவில்லை என்றால் கம்பி முனையில் உள்ள பால் ஜாயிண்ட் என்கிற உருண்டை மூட்டு அல்லது துளை. கம்பி அசைந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் ஸ்பிண்டில் பக்கம் போங்கள்.

உதவிக்கு ஆள் இல்லையா? போனைக் கீழே சாய்த்து வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே நீங்களே ஸ்டியரிங்கை அசைத்துப் பாருங்கள். அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மூட்டுகள் தாமே காட்டிக்கொடுக்கும்.

முழுவதும் திருப்பும்போது கடக்கென்று ஒரு சத்தம், அப்புறம் ஸ்டியரிங் வழுக்கிவிடுகிறது. நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை.

பல் தாண்டுகிறது. நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பும்போதுதான் கியருக்கு அதிகச் சுமை. அந்த நேரத்தில் பினியனும் செக்டரும் ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. விலக இடம் கொடுப்பது பெரும்பாலும் தண்டின் அடிப் புஷ், அடுத்தபடியாக செக்டரின் நடு போல்ட். பல் தேய்ந்திருப்பது பல சமயம் இதன் விளைவு. விலகி விலகி நுனியில் மட்டும் கடித்ததால் நுனி மழுங்கியிருக்கும். அதனால் புஷ்ஷை மாற்றாமல் கியரை மட்டும் மாற்றினால், புதுக் கியரும் அதே வழியில் போகும்.

அடிப்பக்கம் கைக்கு எட்ட, பல வண்டிகளில் பிளேடை மூடியிருக்கும் வெட்டும் தளத்தை முதலில் கழற்றி வெளியே இழுத்துவிட வேண்டியிருக்கும். முன்பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டு, ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் கையை விடுங்கள்.

கழற்றும் முன் சக்கரங்களை நேராக வைத்து, பினியனின் எந்தப் பல் செக்டரின் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்கள்.

புஷ் மாற்றிய பிறகும் கடிமானம் போதவில்லை என்றால், சில வண்டிகளில் செக்டரின் போல்ட் நீள்துளையில் இருக்கும். தளர்த்தி, பினியன் பக்கம் தள்ளி, மறுபடி இறுக்கலாம். அந்த வசதி இல்லாதவற்றில் செக்டர் தகடு கீழே தொங்கிப்போய், பல்லின் பாதி அகலம் மட்டும் கடித்துக்கொண்டிருக்கும். தகடுக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றிரண்டு போட்டு உயர்த்தினால் முழு அகலமும் கடிக்கும். பழைய வண்டிக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வண்டி அதிக நேரம் நேராகத்தான் ஓடுகிறது, அதனால் செக்டரின் நடுப் பற்கள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் ஆட்டமே இல்லாதபடி இறுக்கமாக வைத்தால், ஓரத்துக்குப் போகும்போது தேயாத பற்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திருப்பி, எங்கே மிகவும் இறுக்கமோ அந்த இடத்துக்கு ஏற்ப அட்ஜஸ்ட் செய்யுங்கள். அப்படிச் செய்தும் நடுவில் ஆட்டம் அதிகம் என்றால், சரி, இப்போது கியர் வாங்கலாம். வாங்கும்போது பினியன், செக்டர் இரண்டையும் ஜோடியாக. தேய்ந்த பல்லும் புதுப் பல்லும் சேர்ந்து நீண்ட நாள் வாழாது.

இடப்பக்கம் நன்றாக ஒடிக்கிறது, வலப்பக்கம் பாதிதான் திரும்புகிறது.

கியரை மாட்டும்போது ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டியிருப்பீர்கள். சக்கரங்களை நேராக வைத்து, செக்டரின் நடுப் பல் பினியனுக்கு நேராக வரும்படி மறுபடி மாட்டுங்கள். யாரும் கழற்றாமலே இப்படி ஆகியிருந்தால், இழுகம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் வேரிலோ கல்லிலோ மோதியது நினைவுக்கு வரும்.

தேய்ந்த பற்களின் மேல் வெல்டிங் வைத்து அரத்தால் ராவிக்கொள்ளலாமா?

வேண்டாம். பல்லின் வளைவைக் கையால் அரத்தில் கொண்டுவருவது கஷ்டம். சூட்டில் தகடும் கோணிக்கொள்ளும்.

கம்பி மாட்டும் துளை முட்டை வடிவில் நீண்டுவிட்டது. பெரிய போல்ட் போட்டு நன்றாக இறுக்கினேன், ஆட்டம் போய்விட்டது. ஆனால் இப்போது ஸ்டியரிங் கல்லாக இருக்கிறது.

அது சுழல வேண்டிய மூட்டு. அதை இறுக்கிப் பூட்டினால் ஆட்டத்தோடு அசைவும் போய்விடும். இதில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. நீங்கள் போட்டது நுனி முதல் தலை வரை மரை உள்ள போல்ட்டாக இருந்தால், அந்த மரை அரம் போல வேலை செய்து துளையை இன்னும் பெரிதாக்கும். மூட்டில் போடும் போல்ட்டுக்கு, துளைக்குள் நிற்கும் பகுதி மரை இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும்.

சரியான வழி, துளையை வட்டமாகப் பெரிதாக்கி, அதில் வெண்கல புஷ் ஒன்றை அடித்து இறக்குவது. எண்ணெய் ஊறிய வெண்கல புஷ் கிடைத்தால் நல்லது, அடிக்கடி எண்ணெய் கேட்காது. துளையிடும்போது தகட்டைக் கழற்றி மேசையில் இறுகப் பிடித்துக்கொண்டு, நேராகத் துளையிடுங்கள். கோணலாகப் போனால் கம்பி உட்காராது. நட்டு தளராமல் இருக்க, உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் போடுங்கள். மூட்டு கையால் தாராளமாக அசைய வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

கூல்டிரிங்க் டப்பாவின் தகட்டை வெட்டிச் சுற்றி அடைப்பவர்களும் உண்டு. அன்றைக்குப் புல்லை வெட்டி முடிக்க அது போதும். அடுத்த வாரம் அது அங்கே இருக்காது.

எல்லா இடத்திலும் கிரீஸ் நிறைய அப்பிவிட்டேன். நல்லதுதானே?

பாதி நல்லது. ஸ்பிண்டிலில் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருந்தால், 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தின் பாரத்தை எடுத்துவிட்டு அடித்தால், தேயும் அடிப்பகுதிக்கும் கிரீஸ் போய்ச் சேரும். பல வண்டிகளில் ஸ்டியரிங் கனமாவதற்கு இந்த ஸ்பிண்டில் காய்ந்து போனதுதான் காரணம். கனமான ஸ்டியரிங்கை மல்லுக்கட்டித் திருப்புவதால்தான் மேலே கியர் பல் உடைகிறது.

நைலான் புஷ்கள் விஷயம் வேறு. அவை தாமாகவே வழுக்கும்படி செய்யப்பட்டவை. அவற்றில் கிரீஸ் தடவினால் மண்ணும் புல்தூளும் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கும். கட்டாயம் ஏதாவது போட வேண்டும் என்றால் கிராஃபைட் தூள் கொஞ்சம். திறந்து கிடக்கும் கியர் பற்களிலும் கிரீஸை அப்பாதீர்கள். பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்துவிட்டு, காய்ந்துவிடும் வகை மசகு ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். அப்பியதைத் துடைத்தெடுத்துவிடுங்கள்.

கியர், புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இன்னும் வண்டி நேராகப் போகாமல் அலைபாய்கிறது.

முதலில் டயரில் காற்று. பல வண்டிகளில் முன் டயருக்கு 14, பின் டயருக்கு 10 பி.எஸ்.ஐ என்ற அளவை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை நிரப்பச் சொல்லவில்லை. ஒரு பக்கம் குறைந்திருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.

அடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் சக்கரத்துக்குள் உள்ள புஷ். ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் அச்சில் உள்ள ஸ்பிண்டில் புஷ். முக்கால் அங்குல அச்சு உள்ள வண்டிகளுக்கு, பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதிலாகப் பால் பேரிங் போட்டுவிடுபவர்கள் நிறையப் பேர் உண்டு. நானும் போட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டி வரவில்லை. முன் அச்சின் நடு போல்ட்டையும் மறக்காதீர்கள். அது தேய்ந்தால் அச்சு முழுவதுமே முன்னும் பின்னும் நகரும்.

கடைசியாக, சக்கரங்கள் எந்தப் பக்கம் நோக்கி நிற்கின்றன என்பது. இரண்டு முன் டயர்களுக்கும் இடையே, அச்சின் உயரத்தில், முன்புறமும் பின்புறமும் அளந்து பாருங்கள். முன்புற அளவு 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை குறைவாக, அதாவது சக்கரங்கள் லேசாக உள்நோக்கி இருக்க வேண்டும். வெளிநோக்கி விரிந்திருந்தால் எத்தனை உதிரிபாகம் மாற்றினாலும் அலைபாயும். டை ராடின் முனை மரையில் இருந்தால், அதைக் கழற்றி அரைச் சுற்றாகத் திருப்பித் திருப்பி அளவைக் கொண்டுவரலாம். அட்ஜஸ்ட் செய்யவே வழியில்லாத கம்பியில் அளவு மாறியிருந்தால், கம்பி வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டியரிங் சக்கரமே தண்டிலிருந்து கழல மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

தண்டின் தலையில் ஓங்கி அடித்தால் அந்த அடி நேராகக் கீழே உள்ள புஷ்ஷிலும் பினியனிலும் போய் இறங்கும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் நட்டைத் தண்டின் நுனிக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்திவிட்டு, ஒருவர் சக்கரத்தை அடியிலிருந்து மேலே இழுத்துப் பிடிக்க, மற்றவர் நட்டின் மேல் மரச்சுத்தியலால் தட்டட்டும். பின் குத்தியிருக்கும் வகை என்றால், முதலில் அந்தப் பின்னைப் பஞ்ச் என்கிற இரும்புக் குச்சியால் தட்டி எடுக்க வேண்டும். அது இருப்பதே தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபடி மாட்டும்போது, தண்டின் பல்வரிகளில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த முறை இந்தப் போராட்டம் இருக்காது.

உதிரிபாகம் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை ஓட்டலாமா? தோட்டத்தில் ஒரு சரிவும் இருக்கிறது.

வெறும் ஆட்டம் மட்டும் என்றால், சமதளத்தில் மெதுவாக ஓட்டலாம். சரிவுப் பக்கம் வேண்டாம். நல்ல ஸ்டியரிங் உள்ள வண்டியையே 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டாதீர்கள், குறுக்காகப் போகாமல் மேலும் கீழுமாகப் போங்கள் என்றுதான் கையேடுகள் சொல்கின்றன.

பல் தாண்டுகிறது, அல்லது கம்பி முனையில் பால் ஜாயிண்ட் கழன்றுவிடும் நிலையில் இருக்கிறது என்றால் சமதளத்திலும் கிளப்பாதீர்கள். கம்பி கழன்ற நொடியில் முன் சக்கரங்கள் தம் இஷ்டத்துக்குப் போகும், கீழே பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு வாரத்துக்குப் புல் வளரட்டும். பாகம் வந்து மாட்டிய பிறகு, முதல் தடவை வெட்டும்தளத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு வெட்டுங்கள். உயர்ந்த புல்லை ஒரே தடவையில் ஒட்ட வெட்டினால் என்ஜின் திணறும்.