லாரி தடம் மாறி இடித்தால் யாரிடம் கேட்பது?

கேள்வி: உளுந்தூர்பேட்டை அருகே நான்கு வழிச்சாலையில் காரில் போனபோது, வலப்பக்கம் வந்த லாரி இன்டிகேட்டர் போடாமல் என் தடத்துக்குள் நுழைந்து இடித்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். "வண்டியை வித்து மூணு மாசம் ஆச்சு, டிரைவரைக் கேளுங்க" என்கிறார் உரிமையாளர். இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

பதில்: ஆர்.சி. இன்னும் அவர் பெயரில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அவர்தான் உரிமையாளர். விற்றதாகச் சொல்லித் தப்ப முடியாது. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. டிரைவர், உரிமையாளர், லாரியின் இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பணம் பெரும்பாலும் இன்சூரன்ஸிலிருந்துதான் வரும்.

ஆனால் அவர்கள் வக்கீல் சும்மா இருக்கமாட்டார். "லாரியை ஒட்டி வந்தீர்களா? இடப்பக்கம் ஓவர்டேக் செய்தீர்களா?" என்று கேட்பார். போதிய இடைவெளி விடாமல் லாரியின் பின்னால் போய் மோதிய காரின் மீதே தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கும் உண்டு. அதனால் உங்கள் காரில் அடி எங்கே பட்டிருக்கிறது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. வலது கதவுகளில் நீளவாக்கில் கீறல், மடங்கிய சைடு மிரர் என்றால், லாரி பக்கவாட்டில் வந்து உரசியதை அதுவே சொல்லும். பானெட் நசுங்கியிருந்தால் கதை வேறு. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை டிங்கரிங் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். நீங்களும் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

எஃப்.ஐ.ஆரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வழக்கமான வரியோடு நின்றிருக்கும். யார் எந்தத் தடத்தில் வந்தார்கள் என்பது அதில் இல்லையென்றால், விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுங்கள். விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரும், அந்த இடத்தின் மாதிரி வரைபடமும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை உடனே கழற்றி வைத்துவிடுங்கள், பழைய பதிவு அழிந்துவிடும்.

உங்கள் மீதும் 20 சதவீதம் தவறு என்று முடிவானால் 10 லட்சம் 8 லட்சமாகும், மனு தள்ளுபடியாகாது. டிரைவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லையென்றாலும், முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி இன்சூரன்ஸுக்குத் தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம்.

கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இழப்பீட்டு மனு போட சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம்.