பியோரியாவில் வீடு ஏன் இவ்வளவு மலிவு?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நகரமான பியோரியாவைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

மகனுக்குக் கனரக இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் திருவள்ளூர் ஆலையிலிருந்து பியோரியாவுக்கு மாற்றல். தலைமையகமே ஊரைவிட்டுப் போய்விட்டதாமே? – திருவள்ளூர் வாசகர்

போய்விட்டது. 2015-இல் நகர மையத்தில் புதிய தலைமையகம் கட்டப்போவதாகப் படம் போட்டுக் காட்டினார்கள். 2017 ஜனவரியில் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, சிகாகோவுக்கு அருகே டீர்ஃபீல்டுக்குக் கிளம்பினார்கள். அங்கேயும் கால் தரிக்கவில்லை. 2022-இல் டெக்சஸ் மாநிலத்து இர்விங் என்று அறிவிப்பு வந்தது.

ஆனால் இடம் பெயர்ந்தது மேல்மட்டத்தின் சில நூறு நாற்காலிகள்தான். ஊருக்கு அருகே மாஸ்வில்லில் உள்ள ஆராய்ச்சிக்கூடமும், இல்லினாய் ஆற்றுக்கு அக்கரையில் புல்டோசர் செய்யும் ஆலையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பொறியாளருக்கு வேலை அங்கேதான். தலைமையகம் எங்கே என்பதைவிட, மகன் எந்தப் பிரிவில் சேர்கிறார் என்று கேளுங்கள். சுரங்க வாகனப் பிரிவென்றால், செம்பும் நிலக்கரியும் விலை சரியும் ஆண்டில் ஆட்குறைப்புப் பேச்சு எழும். அது இந்தத் தொழிலின் சுபாவம்.

1970-இல் மக்கள்தொகை 1,26,963, 2020-இல் 1,13,150. ஐம்பது ஆண்டுகளில் இது பெரிய சரிவில்லையே? – மதுரை வாசகர்

அந்த 1,26,963-ஐ முதலில் சந்தேகப்படுங்கள். 1960-இல் ஊரில் இருந்தவர்கள் 1,03,162 பேர். இடையில் வடக்கே ரிச்வுட்ஸ் பகுதியின் பெரும்பகுதியை நகரம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன் பிறகும் எல்லை மக்காச்சோளக் காடுகளுக்குள் நகர்ந்துகொண்டே போனது. தெற்கே காலியான வீடுகளின் கணக்கை வடக்கே முளைத்த புது வீடுகள் ஈடுகட்டின. மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு ஊர் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும்.

உண்மையான அடி 1980-களின் தொடக்கத்தில் விழுந்தது. விஸ்கிக்குப் பேர்போன ஊர் இது. 1981-இல் ஹைரம் வாக்கர் வடிசாலை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு பக்கத்திலிருந்த பாப்ஸ்ட் பீர் ஆலை. அதே நேரத்தில் கேட்டர்பில்லரில் 205 நாள் வேலைநிறுத்தம். அந்தப் பத்தாண்டில் மட்டும் நகரம் பத்தாயிரம் பேரை இழந்தது. 1994-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் பதினேழு மாதம் நீண்டு, கடைசியில் தொழிலாளர்கள் ஒப்பந்தம் இல்லாமலேயே வேலைக்குத் திரும்பினார்கள். பழைய தொழிற்சங்கக் குடும்பங்களில் இந்தப் பேச்சை எடுக்கும்போது பார்த்து எடுங்கள்.

‘பியோரியாவில் எடுபடுமா?’ என்று அமெரிக்கர்கள் கேட்பார்களாம். அவ்வளவு சராசரியான ஊரா? – கோவை வாசகர்

நாடகக் கம்பெனிக்காரர்கள் விட்டுப்போன வழக்கு அது. பின்னால் புதுச் சரக்கை விற்றுப் பார்க்கவும் இந்த ஊரைத் தேர்ந்தார்கள். இன்றைய கணக்கில் சராசரி ஊர் இல்லை. கறுப்பினத்தவர் கால் பங்குக்கு மேல். நாட்டு விகிதத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானியரோ நாட்டு விகிதத்தில் பாதிகூட இல்லை. 2021-இல் ரீட்டா அலி மேயரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே.

ஒன்றரை லட்சம் டாலருக்கு நல்ல வீடு கிடைக்கிறது என்கிறார்கள். எங்கேயோ இடிக்கிறதே? – நியூ ஜெர்சி வாசகர்

இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதலாவது சொத்து வரி. இல்லினாயில் அது நாட்டிலேயே உயர்ந்த வரிகளில் ஒன்று. வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்தைத் தாண்டும். விலையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இப்படிக் கரையும்.

இரண்டாவது, வீடு எந்தப் பக்கம் என்பது. இல்லினாய் ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்பும். மேட்டில் பணக்காரர் வீடுகள். இந்தப் பிரிவினை நூறாண்டுப் பழசு. மேட்டு விளிம்பில் ஓடும் கிராண்ட்வியூ டிரைவைத் தியடோர் ரூஸ்வெல்ட் உலகிலேயே அழகான சாலை என்று மெச்சியதாகச் சொல்வார்கள். உள்ளூர் வானொலி நிலையத்தின் பெயரே அந்தப் புகழுரையின் முதலெழுத்துகள். அங்கிருந்து இறங்கித் தெற்கே போனால் 61605 அஞ்சல் எண் பகுதி, மாநிலத்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. ஒரு வீடு, பக்கத்தில் இரண்டு மனை புல், மறுபடி ஒரு வீடு. புல்லுக்கு நடுவே எங்கோ ஏறப்போன சிமெண்ட் படிக்கட்டு மட்டும் நிற்கும். விளம்பரத்தில் நம்ப முடியாத விலை கண்டால் முதலில் அஞ்சல் எண்ணைப் பாருங்கள்.

இந்தியப் பொறியாளர் குடும்பங்கள் பெரும்பாலும் வடகோடியில், டன்லப் பள்ளி மாவட்ட (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) எல்லைக்குள் வீடு தேடுகின்றன. அங்கே ஒன்றரை லட்சத்துக்குப் புது வீடு கிடைக்காது.

கேட்டர்பில்லரை விட்டால் வேறு என்ன இருக்கிறது? – சேலம் வாசகர்

மருத்துவமனைகள். பிரான்சிஸ்கன் கன்னியர் 1877-இல் தொடங்கிய ஓ.எஸ்.எஃப். என்ற மருத்துவமனை நிறுவனம் இன்று வேலை கொடுப்பதில் கேட்டர்பில்லரோடு போட்டி போடுகிறது. நகர மையத்தின் பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடத்தைப் புதுப்பித்து அதைத் தன் தலைமையகமாக்கியிருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் பிராட்லி பல்கலைக்கழகமும் உண்டு.

பிறகு மத்திய வேளாண் துறையின் ஆய்வுக்கூடம். விற்காத மக்காச்சோளத்தை என்ன செய்வது என்று ஆராயத்தான் அதைக் கட்டினார்கள். 1941-இல் பெனிசிலினை அதிக அளவில் செய்ய வழி தேடி ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் அங்கே வந்தபோது, சோளத்திலிருந்து ஸ்டார்ச் எடுத்தபின் மிஞ்சும் ஊறல் நீர் கைகொடுத்தது. அதில் பெனிசிலின் தரும் பூஞ்சை செழித்து வளர்ந்தது. 1943-இல் அதைவிட வீரியமான பூஞ்சை, உள்ளூர்ச் சந்தையில் அழுகிக் கிடந்த ஒரு முலாம்பழத்தில் கிடைத்தது. ஆய்வுக்கூடம் இன்றும் இயங்குகிறது.