சாவிக்கொத்தும் தட்டு அடுக்கும் ஆங்கிலப் பட்டியலில்

கேள்வி: வெளிநாடு செல்வதால் வீட்டுச் சாமான்களை வாடகைக் கிடங்கில் வைக்கிறேன். அங்கே தரவேண்டிய ஆங்கிலப் பட்டியலில் ‘பிளேட்ஸ் ஸ்டாக்’, ‘கீ பன்ச்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று எழுதியிருக்கிறேன். இவை சரியா? ‘இஸ்’ வருமா, ‘ஆர்’ வருமா?

பதில்: மூன்றையுமே திருத்த வேண்டும். ‘சாவிக்கொத்து’ என்று பொருளை முன்னும் தொகுதியைப் பின்னும் வைப்பது தமிழின் வழக்கம். ஆங்கிலத்தில் அது தலைகீழாகி, ‘எ பன்ச் ஆஃப் கீஸ்’, ‘எ ஸ்டாக் ஆஃப் பிளேட்ஸ்’ என்று வரும். வரிசையை மாற்றினால் சில இடங்களில் பொருளே மாறிவிடும்: ‘பாக்ஸ் ஆஃப் மேட்சஸ்’ என்றால் உள்ளே தீக்குச்சிகள் உண்டு, ‘மேட்ச் பாக்ஸ்’ என்றால் அது காலிப் பெட்டியாகவும் இருக்கலாம்.

தொகுதிச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, பொருள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருந்தால் ‘ஸ்டாக்’ (இரண்டாம் எழுத்துக்குப் பின் ‘ஏ’ வரவேண்டும், ‘ஓ’ போட்டால் கடைக் கையிருப்பாகிவிடும்), ஒழுங்கை வற்புறுத்தாமல் மேலே மேலே போட்டிருந்தால் ‘பைல்’, தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தால் ‘ஹீப்’, கயிற்றால் கட்டியிருந்தால் ‘பண்டில்’. பழைய செய்தித்தாள் கட்டுக்கும் விறகுக் கட்டுக்கும் கடைசிச் சொல் பொருந்தும். ‘எ பன்ச் ஆஃப் பிளேட்ஸ்’ என்பது பேச்சு வழக்கு; பட்டியலுக்கு ஆகாது.

‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘பெட்டிங்’ (மெத்தை, தலையணை போன்றவை), ‘கட்லரி’ (கரண்டி, முள்கரண்டி போன்றவை) ஆகியவை எண்ண முடியாத பெயர்களாகவே கருதப்படுவதால் அவற்றுக்குப் பன்மை விகுதி கிடையாது. ‘த்ரீ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்று எழுத வேண்டும். ‘செஸ்ட் ஆஃப் டிராயர்ஸ்’ மட்டும் ஏமாற்றும்: தொகுதி போலத் தோன்றினாலும் அது இழுப்பறைகள் கொண்ட ஒரே மரச்சாமான், எனவே இரண்டிருந்தால் ‘டூ செஸ்ட்ஸ் ஆஃப் டிராயர்ஸ்’.

பட்டியல் வரிக்கு வினையே தேவையில்லை. குறிப்பாக வாக்கியம் எழுதினால், தொகுதியை ஒன்றாகக் கருதி, ‘தி ஸ்டாக் ஆஃப் பிளேட்ஸ் இஸ் இன் பாக்ஸ் ஃபோர்’ என ஒருமையில் முடியுங்கள். ‘எ நம்பர் ஆஃப்’ என்று தொடங்கினால் ‘ஆர்’ வரும்.

இலக்கணத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது எண்ணிக்கை. தட்டு அடுக்கு என்று மட்டும் எழுதினால், பிறகு இரண்டு குறைந்தாலும் நீங்கள் கேட்க முடியாது. ‘எ ஸ்டாக் ஆஃப் ட்வெல்வ் ஸ்டீல் பிளேட்ஸ்’ என்று எழுதிவிடுங்கள்.